நீலப்பொட்டு வெச்ச டிரான்சிஸ்டர்

ஏனுங்க, இந்தக் காலத்துக் கண்டக்டருங்க விசில் ஊதறதையே உட்டுட்டாங்களா? வாயில வெச்சுக்கிட்டுச் சும்மா நிக்கறாங்க. இப்பக்கூடப் பாத்தீங்கல்ல, நான் ஒரு காலைப் படியில வெக்கறதுக்குள்ள வண்டியை எடுத்தாச்சு. உழுந்திருந்தா யாரு பதில் சொல்றது? கேட்டா என்னையவே மொறைக்கறான். சரி, உடுங்க. சித்த நகருங்க. இல்ல இல்ல, நீங்க என் வலது பக்கம் வந்து உக்காருங்க. எனக்கு அந்தப் பக்கம் ஆள் இருந்தாத்தான் பேச்சு ஓடும். பழக்கதோஷம்.

அந்தப் பொட்டியத் தொடாதீங்க! கையை எடுங்க! கோவிச்சுக்காதீங்க, வெறும் சோப்பு டப்பாதான். உள்ள நாலு சாமான் இருக்குது. ஆனா இன்னைக்குப் பதினோரு மணிக்கு இது எனக்குச் சாட்சி சொல்லப் போகுது, அதான் மடியிலயே வெச்சிருக்கேன். ஒரு ஒயர் அந்துச்சுன்னாலும் என் பேச்சு எடுபடாது.

கரட்டுமேடு ஸ்டாப்புல எறங்கோணும். அங்க அர்த்தனாரி முதலாளியோட ஹேச்சரி இருக்குது. கோழிக்குஞ்சு பொரிக்கிற எடமுங்க. முதலாளி முன்னால நானும், தமயந்தின்னு அங்க வேலை செய்யற ஒரு புள்ளையும் நிக்கோணும். பெல் அடிச்சுதுங்கறா அவ. அடிக்கலீங்கறேன் நான். நான் சொல்றது நெசம்னு இந்தப் பொட்டி காட்டிருச்சுன்னா அந்தப் புள்ளைக்கு வேலை போயிரும். போனா நான் என்ன பண்ணட்டும்? மடியில கனமில்ல, வழியில பயமில்ல.

என் பேரு அங்கமுத்து. ராசிபுரம் பழைய பஸ் ஸ்டாண்டுல வந்து மைக்செட்காரர் கடை எதுன்னு கேளுங்க, யாரா இருந்தாலும் காட்டுவாங்க. முப்பத்தி நாலு வருசம். மாரியம்மன் நோம்பி, காதுகுத்து, கல்யாணம், எழவு, எல்லாத்துக்கும் நம்ம கோன் குழாய்தான். ஆம்ப்ளிபயர் பக்கத்துல பாயைப் போட்டுப் படுத்துக்குவேன். தலைமாட்டுலயே ஒரு குழாய் கத்திட்டிருக்கும். அது கத்துனாத்தான் எனக்குத் தூக்கமே வரும். இப்பப் பெரிய பெரிய டப்பா ஸ்பீக்கரைக் கொண்டாந்து எறக்கிப்போடறாங்க, நம்ம குழாய் எல்லாம் பரண்ல கெடக்குது. அதனால ரிப்பேரு. ரிப்பேருன்னாலும் மத்தவனாட்டம் இல்லீங்க.

செத்த சாமானை நான் தூக்கிப் போட மாட்டேன். அதுதான் என் கொள்கை. டிரான்சிஸ்டர்னு ஒண்ணு இருக்குதுங்கல்ல, மூணு கால் வெச்ச சின்னச் சாமான். தோட்டத்து மடையாட்டம்னு வெச்சுக்கங்க. ஒரு காலுக்குக் கொஞ்சூண்டு கரண்டு காட்டுனா, மத்த ரெண்டு காலுக்கும் நடுவுல பெரிய வாய்க்கால் தெறக்கும். அது பழுதாப் போச்சுன்னா எல்லாரும் குப்பையில போடுவாங்க. அட, எப்படிச் செத்துச்சுன்னு பாக்க வேண்டாமா? ஒரு கால் செத்தா மீதி ரெண்டு கால் உசுரோட இருக்கும், ஒருவழிப் பாதையா ஓட்டிக்கலாம். பாதி பலம் போனதுன்னா சின்ன மடையாவாச்சும் தெறக்கும், அதுக்குச் செவப்புப் பொட்டு வெச்சு ஒரு டப்பாவுல போட்டுருவேன். இரும்புத் தொப்பி போட்ட பெரிய டிரான்சிஸ்டர் செத்துச்சுன்னா தொப்பியை அரத்துல ராவி எடுத்துருவேன். உள்ள இருக்கற சில்லு மேல வெளிச்சம் பட்டாக் கரண்டு வரும். எங்க தெருவெளக்கு பொழுது சாஞ்சாத் தானா எரியும், விடிஞ்சாத் தானா அணையும். அதுக்குக் கண்ணு எதுன்னு நெனைக்கறீங்க? ஒரு நோம்பி அன்னைக்கு எரிஞ்சுபோன ஆம்ப்ளிபயர்ல இருந்து கழட்டுனது.

பொட்டு வெக்கறது ஊட்டுக்காரியோட நகப்பாலீசுல. "பொம்பளை நான் பூசறதுக்கு இல்ல, எழவெடுத்த சாமானுக்கெல்லாம் அலங்காரமா?"ன்னு கத்துவா. முன்னெல்லாம் மெதுவாத்தான் பேசிட்டிருந்தா. வயசாக ஆகத் தொண்டை பெருத்துப் போச்சு. பக்கத்துல நின்னுட்டே கூப்பாடு போடறா. கேட்டா, பத்துத் தடவை கூப்பிட்டேங்கறா.

நீலப் பொட்டுக்கு வர்றேன், இருங்க. அதுதான் இதுக்குள்ள இருக்கறது. பழைய ரேடியோ சிலது காத்தால நல்லாப் பாடும், உச்சி வெயில்ல கொரகொரன்னு அழும். ஏன்னு கேட்டீங்கன்னா, அதுக்குள்ள இருக்கற டிரான்சிஸ்டர் சூடேறுனாக் கசியும். மடை மூடித்தான் இருக்கும், ஆனா தண்ணி ஒழுகும். எல்லாரும் அதைக் கழட்டி எறிஞ்சாங்க. நான் ரோசனை பண்ணேன். சூட்டுக்குத் தக்கன ஒழுகுதுன்னா, அது சூட்டை அளக்குதுன்னுதானே அர்த்தம்? அதோட குத்தத்தையே அதுக்கு வேலையாக் குடுத்துட்டா? யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன்னுங்கறாங்க. யானைக்கு மட்டும்தானா அது?

மாசி மாசம் அர்த்தனாரி முதலாளி கூப்பிட்டு உட்டாரு. அங்க குஞ்சு வெளிய வர்ற மிஷின் இருக்குது, பெரிய பீரோவாட்டம். பதினெட்டு நாள் வேற மிஷின்ல இருந்த முட்டை கடைசி மூணு நாளைக்கு இதுக்குள்ள வரும். தொண்ணூத்தெட்டரை டிகிரி சூடு இருக்கோணும். நூத்திமூணைத் தாண்டுனா ஆபத்து. அந்த மிஷின்ல இருந்த பெல் கெட்டுப் போச்சு, பழைய மிஷின், சாமான் கெடைக்கல. "அங்கமுத்து, உன் செத்த டப்பாவுல ஏதாச்சும் இருக்குதா?"ன்னாரு. அந்த ஒரு வார்த்தை போதுங்க எனக்கு. ரெண்டு நாள் கடையை மூடிட்டு இதைச் செஞ்சேன். கசியறது மிஷினுக்குள்ள, பொட்டி வெளிய. சூடு ஏறுனா அது கசியும், அந்தக் கசிவு செவப்புப் பொட்டு ஒண்ணை எழுப்பி உடும், அது பஸ்ஸரைக் கத்த வெக்கும். கரண்டு போனாலும் பேட்டரியில ஓடும். பஸ்ஸர் மட்டும்தான் கடையில புதுசா வாங்குனது. மத்ததெல்லாம் செத்ததுங்க.

மாட்டுன அன்னைக்கு வெந்நி டம்ளர்ல நீலப் பொட்டை முக்கிக் காட்டுனேன். தமயந்தி ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, "போதும்ணா, போதும்ணா"ன்னா. முதலாளி மூஞ்சியச் சுளிச்சுட்டே சிரிச்சாரு. அவங்க மூஞ்சியப் பாத்தே எனக்கு வயிறு நெறஞ்சு போச்சு.

என்னுங்க? எனக்குக் கேட்டுச்சான்னா? நான் மீட்டர் முள்ளைப் பாத்துட்டிருந்தேன். சத்தம் ஏமாத்தும், முள்ளு ஏமாத்தாது. எந்த மெக்கானிக்கை வேணும்னாலும் கேளுங்க.

தமயந்தி கெட்ட புள்ளைன்னு நான் சொல்லலீங்க. அவளும் அவங்கம்மாவும் அங்கயே ஒரு ரூமுல இருக்காங்க. மிஷின் ரூம் அவ பொறுப்பு. அரை மணிக்கு ஒருக்காத் தெர்மாமீட்டரைக் கண்ணால பாத்து அட்டையில எழுதோணும். பொட்டி இருந்தாலும் எழுதோணும், அது முதலாளி போட்ட சட்டம். போனா எனக்கு டீ வெச்சுக் குடுப்பா. "இந்தச் சத்தத்துல எப்படிண்ணா பேப்பர் படிக்கறீங்க?"ன்னு கேப்பா. எந்தச் சத்தம்னு எனக்குப் புரியாது. ரூமெல்லாம் குஞ்சு கெடக்கும், ஆனா இப்ப வர்ற குஞ்சுக்கு ஏது சத்தம்? வாயை வாயைத் தெறந்து மூடுது, அவ்வளவுதான். எல்லாம் தீவனத்துல போடற மருந்து. எங்க ஊர்ல சில்வண்டே இல்லாமப் போச்சு தெரியுங்களா? மழை பேஞ்சா முன்னெல்லாம் காதைத் தொளைக்கும். மூணு வருசமா ஒண்ணைக் காணோம்.

சரி, விசயத்துக்கு வர்றேன். ஆண்டகளூர் கேட் தாண்டியாச்சுங்களா? நேரம் இருக்குது.

பத்து நாள் முன்னால. அக்னி நட்சத்திரம், உச்சிப் பொழுது. ஜெனரேட்டர் போர்டு ஒண்ணைச் சரி பண்ணப் போயிருந்தேன். முடிச்சுட்டு மிஷின் ரூமுல சேர் போட்டுப் பேப்பர் படிச்சுட்டிருந்தேன். இந்தப் பொட்டி எனக்கு மேலதான் ஆணியில தொங்குச்சு. தலைக்கும் அதுக்கும் ஒரு சாண். அதை ஞாபகம் வெச்சுக்கங்க, ஒரே ஒரு சாண்.

அன்னைக்கு முகூர்த்த நாள், ரெண்டு பொம்பளைங்க வேலைக்கு வரல. வெளிய ரெண்டு வண்டி வந்து நிக்குது, குஞ்சைப் பொட்டியில போட்டு ஏத்தோணும். தமயந்தி வந்து, "அண்ணா, நான் போயி ஒரு கை குடுத்துட்டு வந்தர்றேன். பெல் அடிச்சா ஹீட்டர் சுவிட்சை அணைச்சுட்டு ரெண்டு கதவையும் தெறந்து உட்டுருங்க"ன்னா. எனக்கே சொல்லித் தர்றா பாருங்க. "நான் செஞ்ச பொட்டி, நான் இருக்கறேன், நீ போ அம்மிணி"ன்னேன். ஆமாங்க, நான்தான் போகச் சொன்னேன். இல்லைங்கல.

அவ போனா. நான் பேப்பரைப் படிச்சேன். முதல் பக்கம், ரெண்டாம் பக்கம், ராசிபலன் எல்லாம் படிச்சேன். வேர்த்துக் கொட்டுச்சு. அக்னி நட்சத்திரத்துல வேர்க்காம என்ன பண்ணும்? துண்டை எடுத்துத் தொடச்சுக்கிட்டேன். கம்முனு இருந்துச்சுங்க ரூமு. சாமி சத்தியமாக் கம்முனுதான் இருந்துச்சு.

திடீர்னு கதவு படார்னு தெறக்குது, தமயந்தி ஓடி வர்றா. என்னைத் தள்ளிட்டுப் போயி சுவிட்சை அணைக்கறா, மிஷின் கதவைத் தெறக்கறா. மூஞ்சியில அனல் அடிக்குது. ஹீட்டரை அணைக்கற ரிலே ஒட்டிக்கிட்டு அது அணையாம எரிஞ்சிருக்குது, விசிறி பெல்ட்டும் அந்து போயிருக்குது. தெர்மாமீட்டர்ல நூத்திப் பதினொண்ணு. தட்டுத் தட்டா வெளிய இழுக்கறா. குஞ்செல்லாம் ஓட்டுல ஒரு ஓட்டை போட்டுட்டு, மூக்கை மட்டும் நீட்டிட்டு அப்படியே நின்னு போச்சு. பாதிக்கு மேல போச்சுங்க. ஐயாயிரம் இருக்கும். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல.

அப்பறம் அவ என்ன பண்ணா தெரியுங்களா? இந்தப் பொட்டியோட சுவிட்சைத் தட்டி அணைச்சா. என்னத்துக்கு? அடிக்காத பெல்லை எதுக்கு அணைக்கோணும்? சாட்சியைக் கலைக்கத்தானே? அணைச்சுட்டு, அதுக்கப்பறம் ஓடி வந்த ஆறு பேரு நிக்கறாங்க, அவங்க முன்னால என்னைப் பாத்துக் கத்தறா. "இந்தக் கத்து கத்துது, அதுக்கு அடியிலயே கல்லாட்டம் உக்காந்திருக்கீங்களே! மொத வண்டி கெளம்பறப்பவே கேட்டுச்சு, நீங்க இருக்கீங்கன்னுதானண்ணா நம்பி இருந்தேன்!"

கல்லாட்டமாம். என் பொண்ணு வயசு. அந்த வார்த்தை இங்க குத்திக்கிட்டு நிக்குதுங்க, பத்து நாளா எறங்க மாட்டேங்குது.

முதலாளி வந்தாரு. "பெல் அடிச்சுதா அங்கமுத்து?"ன்னாரு. "அடிக்கலீங்க"ன்னேன். "இவ எங்க இருந்தா?"ன்னாரு. "ரூமுல இல்லீங்க"ன்னேன். நெசந்தானுங்களே? ரூமுல இல்லைல்ல? யாரு போகச் சொன்னாங்கன்னு அவரு கேக்கல. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். அவ என்னையவே பாத்துட்டு நின்னா. நான் சாமானைப் பையில போட்டுக்கிட்டேன்.

பெல் அடிச்சிருந்தா, அடியில உக்காந்திருந்த நான் குத்தவாளி. அடிக்கலைன்னா, அட்டை எழுதாமப் போன அவ குத்தவாளி. வெளிய வண்டி ஏத்துனவங்க எஞ்சின் சத்தத்துல நிச்சயமாச் சொல்ல முடியலைன்னுட்டாங்க. அவ்வளவுதான் வழக்கு. "முப்பது வருசமா உன்னைத் தெரியும், உன் வார்த்தை போதும். ஆனாலும் அந்தப் புள்ளை அழுவுது, பொட்டியைக் கழட்டிப் பாத்து எனக்குக் காட்டிரு"ன்னு இன்னைக்கு நாள் சொல்லியிருக்காரு. இங்க சுத்துவட்டாரத்துல ஹேச்சரி எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் பழக்கம். குஞ்சைக் கொன்னவன்னு பேரு வந்துட்டா அப்பறம் எவனும் அந்தப் புள்ளையை உள்ள உட மாட்டான். ரூமையும் காலி பண்ணோணும். முந்தாநேத்து என் கடைக்கு வந்தா. வாசல்ல நின்னு என்னமோ சொன்னா, மொணமொணன்னு. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு வாயைத் தெறந்து பேசத் தெரியறதில்ல. நான் நிமிரவே இல்ல. முந்தானையில கண்ணைத் தொடச்சுக்கிட்டே போனா. போகட்டும்னு உட்டுட்டேன்.

ஊட்டுல கழட்டிப் பாத்தேங்க. நீலப் பொட்டு நல்லாக் கசியுது. செவப்புப் பொட்டு நல்லா எழும்புது. முள்ளு சொல்லுது. எல்லாம் சரியா வேலை செய்யுது, சத்தம் மட்டும் வரல. அப்ப என்ன அர்த்தம்? பஸ்ஸர் ஊமை. செத்ததெல்லாம் உசுரோட இருக்குது, புதுசா வாங்குனது செத்துக் கெடக்குது! போயி வேற பஸ்ஸர் வாங்கி மாட்டுனேன். அதுவும் ஊமை. இன்னொண்ணு. அதுவும் ஊமை. கள்ளச் சரக்குங்க எல்லாம். அதுக்குள்ள ஊட்டுக்காரி கரண்டியும் கையுமா அடுப்படியில இருந்து ஓடி வந்து, "அதை நிறுத்தித் தொலைங்க!"ன்னு கத்தறா. வேலையை நிறுத்தச் சொல்றா. நான் செய்யற வேலை என்னைக்கு அவளுக்குப் புடிச்சிருக்குது?

என்னத்துக்குங்க அப்படிப் பாக்கறீங்க? நம்பலைங்களா? உங்களுக்கே காட்டறேன். சாட்சி சொல்லப் போற சாமானை வழியில ஒருக்காச் சோதிச்சுப் பாத்துக்கறதும் நல்லதுதான். டிரைவர் பக்கத்துல, நம்ம முன்னால இருக்கற இந்த எஞ்சின் மூடி கொதிக்குதுல்ல? நூத்திமூணு என்ன, நூத்தி இருவதே இருக்கும். இது நீலப் பொட்டு, பாத்துக்கங்க, ஒயரோட வெளிய வருது. மூடி மேல வெக்கறேன். பையில இருந்து மீட்டரை எடுத்து மாட்டறேன். இப்ப சுவிட்சைப் போடறேன். முள்ளைப் பாருங்க, ஏறுது... ஏறுது... ஆங், தாண்டிருச்சு. இந்த எடத்துல கத்தோணும். கத்துதுங்களா? ஒரு முணுக்கு? ஊமை. நான் சொன்னனா இல்லையா?

என்னுங்க ஆச்சு? ஏன் காதைப் பொத்தறீங்க?

டிரைவர் எதுக்குத் திரும்பறாரு? ரோட்டைப் பாருங்க சாமி! அந்தம்மா மடியில தூங்கிட்டிருந்த கொழந்தை எதுக்கு எந்திரிச்சு அழுவுது? பின்னால எல்லாரும் எந்திரிச்சு நிக்கறாங்க. கண்டக்டர் வர்றாரு, கையை ஆட்டறாரு. இருங்க, அணைச்சுடறேன், அணைச்சுட்டேன். கோவிச்சுக்காதீங்க கண்டக்டர். உக்காந்துட்டாங்க. எல்லாரும் உக்காந்துட்டாங்க.

ஏனுங்க, நீங்க ஒண்ணும் பேசாதீங்க. சித்த பேசாம இருங்க. இன்னொருக்காப் போடறேன்.

கொழந்தை காதைப் பொத்துது.

அணைக்கறேன். கையை எடுத்துருச்சு.

இன்னும் ஒரே ஒருக்கா. மெக்கானிக்குன்னா மூணு தரம் பாக்கோணுங்க. கண்டக்டர், திட்டுங்க, திட்டுங்க, பரவால்ல. போட்டாச்சு. கொழந்தை, டிரைவர், அந்தம்மா, நீங்க. எல்லா மூஞ்சியும் முள்ளாட்டம் ஒரே பக்கம் சாயுது. அணைச்சா எல்லாம் பழைய எடத்துக்கு வருது.

முள்ளு ஏமாத்தாதுங்களே.

தண்ணி வெச்சிருக்கீங்களா? குடுங்க. நீங்களே மூடியைத் தெறந்து குடுங்க.

பக்கத்துப் பேச்சு கேக்குது, கீச்சுச் சத்தம்தான் எனக்குப் போயிருச்சா? அப்ப சில்வண்டு இருக்குதுங்களா? எங்க ஊர்ல இன்னும் கத்திட்டுத்தான் இருக்குதா? அந்தக் குஞ்சுங்க... ஐயோ சாமி. அன்னைக்கு என் தலைக்கு மேல இது கத்தியிருக்குது. அரை மணி நேரம் கத்தியிருக்குது. நான் ராசிபலன் படிச்சுட்டு உக்காந்திருக்கேன். ஓட்டை போட்டுட்டு மூக்கை நீட்டிட்டு நின்னுச்சே அத்தனை குஞ்சும், அதுங்களும் உள்ள இருந்து கத்தியிருக்கும்ல? அந்தப் புள்ளை என்னை நம்பித்தான் போயிருக்குது. கல்லுன்னு சொன்னா. அவ வேற என்னன்னு சொல்லுவா?

ஏனுங்க, ஒண்ணு சொல்றேன். மைக்செட்காரனுக்குக் காது போச்சுன்னா என்ன மிச்சம்? ஆம்ப்ளிபயரைக் கொண்டாந்து குடுக்கறவன், "கொரகொரங்குது, பாருங்க"ன்னுதான் குடுப்பான். எனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சா எவன் என் கடை வாசப்படி ஏறுவான்? முப்பத்தி நாலு வருசப் பேருங்க. நான் வாயைத் தெறக்காட்டி யாருக்குத் தெரியும்? இந்த வண்டியில இருக்கறவங்க எல்லாம் நாமக்கல் போயி எறங்கிருவாங்க. நீங்களும் எறங்கிருவீங்க. அங்க முதலாளி முன்னால என் வார்த்தைதான். இது கத்தும்ங்கறீங்களா? இதோ, கட்டிங் பிளேயர். பஸ்ஸர் ஒயரு ரெண்டுல ஒண்ணை நறுக்குனாப் போதும். அப்பறம் யாரு கேட்டாலும் ஊமைதான். சாட்சி கெடைச்சாச்சு.

கையைப் புடிக்காதீங்க. உடுங்க. நறுக்கறதா இருந்தா உங்ககிட்டச் சொல்லிட்டிருப்பனா? பிளேயரை எடுத்தேன், அவ்வளவுதான். கை தானா எடுத்துருச்சு. உடுங்கன்னா. பையில போட்டுட்டேன், பாருங்க, ஜிப்பை மூடிட்டேன்.

இதுல ஒரு சாமானும் என்னை ஏமாத்தலை. குப்பையில கெடந்ததை எடுத்துப் பொட்டு வெச்சு வேலை குடுத்தேன், குடுத்த வேலையை எல்லாம் ஒழுங்காச் செஞ்சுது. வாயில்லாச் சாமானு. அதை ஊமைன்னு சொல்ல நானே பையில தூக்கிட்டு வந்திருக்கேன். அந்தப் புள்ளை கடை வாசல்ல வந்து என்ன சொன்னாளோ. சத்தியமாத் தெரியலீங்க எனக்கு. ஒரு வார்த்தை கேக்கல. வாய் அசைஞ்சுது, அதுதான் தெரியும்.

முதலாளிகிட்ட வாயால சொன்னா எடுபடாது. நம்ப மாட்டாரு, "அந்தப் புள்ளைக்குப் பாவம் பாத்துச் சொல்றே"ம்பாரு. அதனால வாயால சொல்லப் போறதில்ல. அதே ஆணியில பொட்டியை மாட்டறேன். அடியில அதே சேரைப் போட்டுக்கிட்டு நான் உக்காந்துக்கறேன், பேப்பரோட. தமயந்தியை வெந்நி கொண்டாரச் சொல்றேன். நீலப் பொட்டை எப்ப அதுல முக்கறான்னு எனக்குத் தெரியாம முக்கட்டும். முதலாளி பொட்டியைப் பாக்க வேண்டாம். என் மூஞ்சியப் பாக்கட்டும். அதுல தெரிஞ்சுக்குவாரு.

புதுச்சத்திரம் வந்துருச்சா? அடுத்த ஸ்டாப்பு நம்முளது. கண்டக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க, நான் திட்டு வாங்குனவன், என் பேச்சைக் கேக்க மாட்டாரு. அப்பறம் ஒரு ஒத்தாசைங்க. விசில் ஊதுனாருன்னா என் தோளைத் தொட்டுச் சொல்லுங்க. சொல்றீங்களா?